கல்லறை இல்லாத உரிமைக் காவலர்

1809-ம் ஆண்டு சூன் திங்கள். நியூயார்க் நகருக்கு வெளியே, நியூ ரோஷல் என்னும் ஊரிலுள்ள ஒரு பண்ணை நிலத்திற்கு ஒரு சவப்பெட்டி வந்து சேர்ந்தது. பின்தொடர்ந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணத் தக்க சிலர். பிரெஞ்சு நாட்டு மாது ஒருத்தி, அவளுடைய மகன், கறுப்பின மக்கள் இருவர், இன்னும் ஓரிருவர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முழக்கம் இல்லை. மலர்மாலை இல்லை. இரங்கலுரை இல்லை. தந்தையின் சமயத்தாரான குவேக்கர்களின் இடுகாட்டிலே தமக்கு ஆறடி மண் வேண்டுமென்று இறந்தவர் கேட்டிருந்தார். அவர்கள் கைவிரித்து விட்டார்கள். அதனால்தான் சொந்த நிலத்திலேயே குழி தோண்டினார்கள்.

பத்தாண்டுகள் கழித்து அந்தக் குழியும் வெறுங்குழியாயிற்று. வில்லியம் காபெட் என்ற ஆங்கில இதழாளர் 1819-ல் எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தாய்நாட்டுக்குக் கொண்டு போனார். அங்கே பெரியதொரு நினைவுச் சின்னம் எழுப்பப் போவதாகச் சொன்னார். சின்னம் எழவில்லை. 1835-ல் காபெட்டும் மாண்டார். எலும்புகள் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

யார் இந்த மனிதர்? கொள்ளைக்காரரா? கொலைகாரரா? இல்லை தோழர்களே! இரண்டு கண்டங்களிலே இரண்டு புரட்சிகளுக்குத் தோள் கொடுத்தவர். மனிதனுக்கு மனிதன் என்ற ஒரே காரணத்தாலேயே உரிமை உண்டு என்பதைப் பட்டறைத் தொழிலாளிக்கும் புரியும்படி எழுதியவர். தாமஸ் பெயின் என்பது அவர் பெயர்.

மனித உரிமை என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் புரள்கிறது. ஆட்சியில் இருப்போரும் பேசுகிறார்கள், ஆட்சியை இழந்தோரும் பேசுகிறார்கள். அந்தச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது, அது எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், இந்தத் தையல் தொழிலாளியின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதும் என்று நாம் கருதுகிறோம்.

ஊசி பிடித்த கை

இங்கிலாந்திலே நார்போக் பகுதியிலுள்ள தெட்போர்டு என்னும் சிற்றூரில் 1737-ல் பெயின் பிறந்தார். தந்தை செய்தது பெண்கள் அணியும் இடைக்கச்சு தைக்கும் தொழில். திமிங்கிலத்தின் வாயெலும்பைத் துணிக்குள் வைத்துத் தைக்க வேண்டும். கண் போகும், முதுகு வளையும், கூலி வளராது. பையனைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பதின்மூன்று வயதோடு படிப்பு முடிந்தது. ஏட்டைப் பிடித்த கையிலே ஊசியைக் கொடுத்து விட்டார்கள்.

ஊசி பிடிக்காமல் கப்பலுக்கு ஓடினார். கரை திரும்பி மீண்டும் ஊசி பிடித்தார். சொந்தக் கடை வைத்தார், நட்டம். 1759-ல் திருமணம் செய்துகொண்டார்; அடுத்த ஆண்டே மனைவி இறந்து போனார். பிறகு சுங்கத் தீர்வை வசூலிக்கும் அரசு வேலையிலே சேர்ந்தார். பார்க்காத சரக்கைப் பார்த்ததாகக் கணக்கு எழுதினார் என்று 1765-ல் வேலை போயிற்று. பள்ளி ஆசிரியராக இருந்து காலம் தள்ளினார். மன்றாடி மீண்டும் வேலை பெற்று, 1768-ல் லூயிஸ் என்னும் ஊருக்குப் போனார்.

அந்த வேலையின் சீர் என்ன? ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம். அதிலே குதிரை வைத்துக்கொள்ள வேண்டும், குதிரைக்குத் தீனி போட வேண்டும், ஊர் ஊராக அலைய வேண்டும். மிச்சத்திலே குடும்பம் நடத்த வேண்டும். வயிறு காய்ந்தவன் கையிலே வரிப்பணத்தைக் கொடுத்து, நாணயமாக இரு என்று கட்டளையிட்டால் அவன் என்ன செய்வான்? இந்தக் கேள்வியை வைத்து 1772-ல் பெயின் ஒரு சிறு நூல் எழுதினார். சக ஊழியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். 4,000 பிரதிகள் அச்சாயின. கட்டை எடுத்துக்கொண்டு இலண்டனுக்குப் போய், பாராளுமன்ற உறுப்பினர்களின் வாசற்படி ஏறி இறங்கினார். சம்பள உயர்வு கேட்டு அரசு ஊழியர்கள் ஒன்று சேர்ந்து மனுக் கொடுப்பதா? மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. மனு குப்பைக்குப் போயிற்று. அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை என்று 1774-ல் பெயினை நீக்கினார்கள். கடனுக்காகச் சிறை போகாமலிருக்கச் சட்டி பானைகளை ஏலம் விட்டார். இரண்டாவது மனைவியும் அவரும் பிரிந்தார்கள்.

வயது முப்பத்தேழு. கையிலே காசு இல்லை, வீடு இல்லை, வேலை இல்லை. உலகத்தை உலுக்கப் போகிற மனிதரின் பாதி வாழ்க்கை இப்படித்தான் முடிந்தது. அரசுகளைப் பற்றி அவர் பின்னாளிலே எழுதியது நூலகத்திலே உட்கார்ந்து கற்றதன்று. சம்பளச் சீட்டிலும் ஏலப் பட்டியலிலும் கற்றது.

புதிய உலகிலே

இலண்டனிலே அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் சார்பாக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அவரைச் சந்தித்தார். ஆளை எடை போட்டார். ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார். அதுவே பெயினின் ஒரே சொத்து. கப்பலிலே கடுங்காய்ச்சல். 1774 நவம்பர் 30 அன்று பிலடெல்பியாவிலே அவரைத் தூக்கித்தான் கரை சேர்த்தார்கள். பிழைத்தெழுந்தார். ஒரு மாத இதழுக்கு ஆசிரியரானார்.

அப்போது அங்கே பிரிட்டிஷ் ஆட்சியோடு பூசல் முற்றிக் கொண்டிருந்தது. ஆனால் பெரியவர்கள் பலரும் வரியைப் பற்றித்தான் பேசினார்கள். மன்னரைப் பற்றிப் பேச நா எழவில்லை. அமைச்சர்கள் கெட்டவர்கள், அரசர் நல்லவர் என்று சமாதானம் சொல்லிக் கொண்டிருந்தார்கள். அந்தப் போர்வையைக் கிழித்தெறிந்தார் பெயின். 1776 சனவரி 10 அன்று, ஆசிரியர் பெயர் போடாமல், 'பொது அறிவு' என்ற பொருள்படும் தலைப்பிலே 47 பக்க நூல் ஒன்று வந்தது. அப்பன் மன்னன் என்பதற்காக மகனும் மன்னனா? அறிவு பரம்பரையாக வருமென்பதற்கு என்ன உறுதி? கடலுக்கு அப்பாலிருக்கும் சிறு தீவு ஒரு பெருங்கண்டத்தை எதற்காக ஆளவேண்டும்? இவைதாம் அதன் கேள்விகள். இலத்தீன் மேற்கோள் இல்லை, வழக்கறிஞர் வாசகம் இல்லை. கொல்லனும் தச்சனும் சாராயக் கடையிலே உரக்கப் படித்தால் விளங்குகிற நடை.

மூன்று மாதத்திலே 1,20,000 பிரதிகள் போயின என்பது அவரே சொன்ன கணக்கு. கணக்கிலே மிகை இருந்தாலும் இருக்கட்டும். ஏறக்குறைய 25 இலட்சம் பேரே வாழ்ந்த நாட்டிலே அதைப் போல் வேறெந்த நூலும் பரவியதில்லை. வருமானத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், குளிரிலே நடுங்கும் போர்வீரர்களுக்குக் கையுறை வாங்க ஒதுக்கினார். ஆறு மாதத்திலே, 1776 சூலை 4 அன்று, விடுதலைப் பிரகடனம் பிறந்தது.

பிரகடனம் பிறந்து விட்டால் விடுதலை வந்து விடுமா? அந்த ஆண்டுக் கடைசியிலே வாஷிங்டனின் படை தோற்றுத் தோற்றுப் பின்வாங்கியது. பெயினும் அதிலே ஒருவர். டிசம்பரிலே அவருடைய 'நெருக்கடி' என்னும் கட்டுரை வரிசையின் முதல் இதழ் வெளியாயிற்று. அது படைவீரர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. டிசம்பர் 25 இரவு பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றைக் கடந்த அந்தப் படை, மறுநாள் டிரெண்டனிலே வென்றது. டிரெண்டன் என்ற ஊர்ப் பெயரைத் தோழர்கள் நினைவிலே வைத்திருக்க வேண்டும். மீண்டும் வருவோம்.

உரிமை யார் கொடுத்தது?

போர் முடிந்ததும், தாம் வரைந்த இரும்புப் பாலத் திட்டத்தை எடுத்துக்கொண்டு 1787-ல் ஐரோப்பா போனார். போன இடத்திலே அடுத்த புரட்சி காத்திருந்தது. 1789 சூலை 14 அன்று பாரிஸ் மக்கள் பாஸ்டீல் சிறையைத் தகர்த்தார்கள். ஆகஸ்டு 26 அன்று பிரெஞ்சு தேசிய மன்றம் மனிதன், குடிமகன் ஆகியோரின் உரிமைப் பிரகடனத்தை 17 பிரிவுகளிலே நிறைவேற்றியது. பாஸ்டீலின் சாவியை லாபயெட் என்ற தளபதி, வாஷிங்டனிடம் சேர்க்கும்படி பெயினிடம்தான் கொடுத்தார். அந்தச் சாவி இன்றும் வாஷிங்டனின் மாளிகையிலே தொங்குகிறது.

இந்தப் புரட்சியைக் கண்டு இங்கிலாந்தின் பெரிய பேச்சாளர் எட்மண்ட் பர்க் பதறினார். 1790-ல் ஒரு தடித்த நூல் எழுதினார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இதுதான்: உரிமை என்பது முன்னோர் சேர்த்து வைத்த சொத்து, ஆங்கிலேயனின் உரிமை அவன் பாட்டன் ஆவணத்திலே இருக்கிறது, அதை மீறி, மனிதன் என்ற முறையிலே உரிமை கேட்பது பேதைமை, பேராபத்து.

பாட்டன் ஆவணத்திலே என்ன இருந்தது என்று பார்ப்போம். 1215-ல் ஜான் மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா இருந்தது. அது பிரபுக்கள் மன்னனை மடக்கிப் பெற்ற பத்திரம். பண்ணையடிமைகளாயிருந்த பெருங்கூட்டத்துக்கு அதிலே கிடைத்தது மிகச் சொற்பம். 1689-ன் உரிமைச் சட்டம் இருந்தது. அது மன்னனிடமிருந்து பாராளுமன்றம் பெற்ற அதிகாரம். அந்தப் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை ஏழைக்கு இல்லை. பாட்டன் சொத்து என்கிறார்களே, யாருடைய பாட்டன்? பிரபுவுக்குப் பாட்டன் இருந்தான், பத்திரம் இருந்தது. உழவனின் பாட்டன் எந்தப் பெட்டியிலே பத்திரம் வைத்தான்?

இதற்கு விடைதான் 1791-ல் பெயின் எழுதிய 'மனித உரிமைகள்' முதற்பகுதி. செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் கட்டிப்போட முடியாது என்றார். ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தானே ஆளப் பிறந்தது என்றார். முன்னோரைத் தேடிப் போவதென்றால் பாதி வழியிலே ஏன் நிற்க வேண்டும், முதல் மனிதன் வரை போங்கள், அங்கே பிரபுவும் இல்லை, அடிமையும் இல்லை என்றார்.

உரிமைகளை அவர் இரு வகையாகப் பிரித்தார். மனிதனாகப் பிறந்ததாலேயே வருவது இயற்கை உரிமை. சமூகத்திலே உறுப்பினனாக இருப்பதால் வருவது குடியுரிமை. நினைப்பதும் நம்புவதும் முதல் வகை. அதை அவனே செலுத்திக்கொள்ள முடியும். அதிலே அரசுக்கு வேலையே இல்லை. ஆனால் தன்னைக் காத்துக்கொள்வதும் தன் வழக்குக்கு நீதி பெறுவதும் தனியொருவனால் ஆகாது. அவற்றைப் பொதுக் களஞ்சியத்திலே போட்டு வைக்கிறான். பங்காளி என்ற முறையிலே திரும்பக் கேட்கிறான். ஆகவே அரசு அவனுக்கு எதையும் தானமாகக் கொடுப்பதில்லை. அவன் போட்டு வைத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. கூட்டுறவுச் சங்கத்திலே பங்குப் பணம் கட்டிய தோழருக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

தானமல்ல, கடன்

1792-ல் இரண்டாம் பகுதி வந்தது. இங்கேதான் பெயின் தம் காலத்தைத் தாண்டி ஒரு நூற்றாண்டு முன்னே நடக்கிறார். அரண்மனைச் செலவையும் போர்ச் செலவையும் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். ஏழைக் குடும்பங்களிலே 14 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 4 பவுன், அந்தக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஐம்பது வயது கடந்த ஏழைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 6 பவுன், அறுபதுக்கு மேல் 10 பவுன். குழந்தை பிறந்தால் உதவி, திருமணத்துக்கு உதவி, வேலை தேடிப் போன ஊரிலே இறந்தவனுக்கு அடக்கச் செலவு. பெருநிலங்களின் வருமானத்துக்கு ஏற ஏற வரி. வாழ்நாளெல்லாம் உப்புக்கும் சாராயத்துக்கும் மறைமுக வரி கட்டியவன் அவன்; முதுமையிலே அவன் பெறுவது பிச்சையல்ல, வட்டி என்று கணக்குக் காட்டினார்.

முதற்பகுதி 3 ஷில்லிங் விலைக்கு விற்றபோது அரசு பொறுத்துக்கொண்டது. மலிவுப் பதிப்பு ஆறு பென்சுக்கு வந்ததும் பொறுக்கவில்லை. செருப்புத் தைப்பவரும் நெசவாளரும் படித்தார்கள். தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி 1792-ல் இலண்டன் கடிதத் தொடர்புச் சங்கத்தை அமைத்தார். வாரத்துக்கு ஒரு பென்னி சந்தா. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை என்பது கோரிக்கை. வழக்கிலே அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்ன குறையைக் கேளுங்கள்: இந்த நூல் எல்லார் கையிலும் திணிக்கப்படுகிறதாம், குழந்தைகளின் மிட்டாயைக்கூட இதிலே மடித்துக் கொடுக்கிறார்களாம்! கருத்து குற்றமா, அது ஏழையின் கைக்குப் போனது குற்றமா என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

1792 செப்டம்பரிலே பெயின் பிரான்சு நாட்டுக்குக் கப்பலேறினார். டிசம்பர் 18 அன்று, அவர் இல்லாமலேயே வழக்கு நடந்தது. குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஊர் ஊராக அவருடைய கொடும்பாவி கொளுத்தப்பட்டது. பிறந்த மண்ணை அதன் பிறகு அவர் மிதிக்கவேயில்லை.

எதிரியின் உயிருக்காக

பிரான்சு அவரைக் குடிமகனாக்கியது. காலே தொகுதி அவரைத் தேசிய மாமன்றத்துக்கு அனுப்பியது. பிரெஞ்சு மொழியிலே பேச வராது. எழுதிக் கொடுத்தால் மற்றொருவர் மொழிபெயர்த்துப் படிப்பார். அப்படிப்பட்டவர் முன்னே வந்தது ஒரு பெருஞ்சோதனை.

1793 சனவரி. பதினாறாம் லூயி மன்னனை என்ன செய்வது? தூக்கி எறியப்பட்ட மன்னனின் தலையைக் கேட்டு வீதியெல்லாம் முழக்கம். முடியாட்சியை வாழ்நாளெல்லாம் சாடியவர் பெயின். முடியை முதலிலே எறியச் சொன்னவர்களிலே ஒருவர். அவர் எழுந்து, மன்னனைக் கொல்லாதீர்கள் என்றார். முடியாட்சியைக் கொன்றாயிற்று, மனிதனை ஏன் கொல்ல வேண்டும்? சிறையிலே வையுங்கள், போர் முடிந்ததும் நாடு கடத்துங்கள், அமெரிக்காவுக்கு அனுப்புங்கள் என்றார். மரண தண்டனையையே ஒழிக்க வேண்டுமென்பது அவர் கொள்கை. மாரா குறுக்கிட்டார், குவேக்கர் சமயத்தான், அதனால்தான் சாவுத் தண்டனையை எதிர்க்கிறான் என்று கூச்சலிட்டார். வாக்கெடுப்பிலே பெயின் பக்கம் தோற்றது. சனவரி 21 அன்று மன்னன் தலை விழுந்தது.

கொலைக்கருவி ஒரு தலையோடு நிற்குமா? மன்னனைத் தின்றது, மன்னனின் எதிரிகளையும் தின்றது. பெண்களுக்கும் அதே உரிமை என்று 1791-ல் தனிப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் டி கூஜ் என்ற வீராங்கனையை 1793 நவம்பரிலே தின்றது. 1793 டிசம்பர் 28 அன்று பெயினும் கைது செய்யப்பட்டு லக்சம்பர்க் சிறையிலே அடைக்கப்பட்டார். குற்றச்சாட்டு என்ன? அயல்நாட்டான்! உலகமெல்லாம் என் நாடு என்று வாழ்ந்தவரை இங்கிலாந்து துரோகி என்றது, பிரான்சு அந்நியன் என்றது.

அந்தச் சிறையிலே நடந்ததைப் பின்னர் அவரே எழுதி வைத்தார். சாகடிக்கப்பட வேண்டியவர்களின் அறைக் கதவிலே சுண்ணக்கட்டியால் குறியிடுவது வழக்கம். காய்ச்சலிலே நினைவின்றிக் கிடந்த பெயினோடு அறையிலே இருந்தவர்கள் மூவர், ஆக நால்வர். காற்றுக்காகக் கதவு வெளிப்பக்கம் முழுதும் திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. வந்தவன் கதவின் உட்புறத்திலே 4 என்று எழுதிப் போனான். இரவிலே கதவை மூடியதும் எண் உள்ளே போயிற்று. அழைத்துப் போக வந்தவர்கள் வெறுங்கதவைப் பார்த்துக் கடந்து போனார்கள். சில நாட்களிலே, 1794 சூலை 27 அன்று, ரோபஸ்பியர் வீழ்ந்தார். நவம்பரிலே அமெரிக்கத் தூதர் மன்றோவின் முயற்சியால் பெயின் வெளியே வந்தார். உடல் மட்டும் பழைய உடலாக இல்லை.

கடைசிக் கணக்கு

சிறைக்கு முன்னும் சிறையிலும் பிறகும் அவர் எழுதியது 'பகுத்தறிவின் காலம்' என்னும் நூல். கடவுள் ஒருவர் உண்டென்று நம்பியவர் அவர். ஆனால் கோயில் நிறுவனங்களும் புரோகித வகுப்பும் மனிதனை அச்சுறுத்தி அடக்கக் கட்டப்பட்டவை என்றும், விவிலியம் கடவுள் எழுதியதல்ல என்றும் வாதாடினார். அதற்குக் கொடுத்த விலை பெரிது.

1797-ல் 'நில நீதி' என்ற நூல் வந்தது. பணக்காரனையும் ஏழையையும் கடவுளே படைத்தார் என்று ஓர் ஆயர் செய்த சமயப் பேருரையின் தலைப்பு அவரைச் சீண்டி விட்டது. நிலம் இயற்கையிலே எல்லோருக்கும் பொதுச் சொத்து. பண்படுத்தியவனுக்குச் சொந்தம் அந்த உழைப்பின் பயன்தான், மண்ணன்று. ஆகவே நிலவுடைமையாளன் ஒவ்வொருவனும் சமூகத்துக்குக் குத்தகைக் கடன்பட்டவன் என்றார். வாரிசுக்குப் போகும் சொத்திலே பத்திலொரு பங்கை எடுத்து நிதி சேர்க்க வேண்டும். ஆண் பெண் அனைவருக்கும் 21 வயதிலே 15 பவுன், ஐம்பது வயது முதல் ஆண்டுதோறும் 10 பவுன் கொடுக்க வேண்டும். ஏழைக்கு மட்டுமா? இல்லை, எல்லோருக்கும். ஏழை என்று முத்திரை குத்தி எவனையும் வரிசையிலே நிறுத்தக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சொன்னார்.

அவர் பொதுவுடைமைக்காரர் அல்ல, வணிகத்தை நம்பியவர். பெண்களின் வாக்குரிமைக்குக் கொடி பிடித்தவரும் அல்ல. அந்தப் பணியை அவர் காலத்திலேயே மேரி வோல்ஸ்டன்கிராப்ட் செய்தார். குறையில்லாத மனிதராக அவரைக் காட்ட நாம் முயலவில்லை. ஆனால் பேசும் உரிமையையும் வயிற்றின் உரிமையையும் ஒரே நூலிலே, ஒரே அடிப்படையிலே வைத்தவர் அவர் என்பதை மறக்க முடியாது.

1802-ல் அமெரிக்கா திரும்பினார். வரவேற்பு? நாத்திகன் என்ற வசை! அடுத்த ஆண்டு டிரெண்டன் ஊரிலே குதிரை வண்டி நடத்துகிறவன் அவருக்கு இடம் தர மறுத்து விட்டான். ஆம், அதே டிரெண்டன்! 1806-ல் நியூ ரோஷலிலே வாக்களிக்கப் போனார். நீர் அமெரிக்கக் குடிமகனல்ல என்று தேர்தல் அதிகாரி திருப்பி அனுப்பினார். ஒரு நாட்டுக்கே வாக்குச்சீட்டு வாங்கித் தர உழைத்தவருக்கு ஒரு வாக்குச்சீட்டு இல்லை. 1809 சூன் 8 அன்று, 72 வயதிலே கண்மூடினார்.

எலும்பு போயிற்று, எழுத்து நின்றது

அவர் நூல்களை விற்றதற்காகப் பலர் சிறை சென்றனர். ரிச்சர்டு கார்லைல் என்ற பதிப்பாளர் ஆறாண்டு சிறையிலே கிடந்தார். 1799, 1800 ஆண்டுகளின் சட்டங்களால் தொழிலாளர் சங்கமே தடை செய்யப்பட்டது. 1824-ல்தான் அந்தத் தடை நீங்கியது. 1838-ல் ஆறு கோரிக்கைகளோடு சாசன இயக்கத்துத் தொழிலாளர்கள் கிளம்பினார்கள்; பெயினின் பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். முதுமைக்கு உதவித்தொகை வேண்டுமென்று அவர் எழுதியது 1792; பிரிட்டன் முதல் தொகையைக் கொடுத்தது 1909 சனவரி முதல் நாள். வாரத்துக்கு 5 ஷில்லிங், அதுவும் எழுபது வயதானவருக்கு! நூற்றுப் பதினேழு ஆண்டு காத்திருப்பு.

நம் நாட்டுக்கும் அந்த நூல் வந்தது. புனே நகரிலே ஜோதிராவ் பூலே இளைஞராக இருந்தபோது 'மனித உரிமைகள்' அவர் கைக்குக் கிடைத்தது. 1848-ல் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர், 1873-ல் சத்திய சோதக் சமாஜத்தை அமைத்தவர் அவர். மன்னனை எதிர்த்து எழுதப்பட்டதை அவர் சாதியை எதிர்த்துப் படித்தார். பிறப்பால் அரசன் இல்லை என்றால் பிறப்பால் தீண்டத்தகாதவனும் இல்லை அல்லவா?

1948 டிசம்பர் 10 அன்று, பெயினைச் சிறை வைத்த அதே பாரிஸ் நகரிலே, ஐக்கிய நாடுகள் பேரவை 30 பிரிவுகள் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. எட்டு நாடுகள் ஒதுங்கி நின்றன. முதற்பிரிவிலே ஆண்களைக் குறிக்கும் சொல்லை நீக்கி, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று மாற்ற வாதாடியவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. அந்தப் பிரகடனத்திலே பேச்சுரிமையும் இருக்கிறது, சங்கம் வைக்கும் உரிமையும் இருக்கிறது, முதுமையிலே பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் 1966-ல் அதை ஒப்பந்தமாக்கும்போது இரண்டு துண்டாக வெட்டினார்கள். அரசியல் உரிமைகளுக்கு ஒன்று, பொருளாதார உரிமைகளுக்கு ஒன்று. நமது அரசியல் சட்டத்திலும் அந்தப் பிளவு உண்டு. சங்கம் அமைக்கும் உரிமை அடிப்படை உரிமை. பறித்தால் நீதிமன்றம் போகலாம். முதுமையிலே உதவி 41-வது பிரிவிலே, வழிகாட்டும் நெறியாக இருக்கிறது; அதைக் காட்டி மட்டும் நீதிமன்றத்திலே கேட்க முடியாது.

தோழர்களே! இந்த வாழ்க்கையிலிருந்து நமக்குப் பாடம் இரண்டு உண்டு என்போம்.

முதலாவது, உரிமையைச் சலுகையாக்காதீர்கள். முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போட வருகிற பாட்டி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவளல்ல. நாங்கள் கொடுத்தோம், நாங்கள் கொடுத்தோம் என்று மேடையிலே முழங்கும் நாக்கு நம்மிலும் உண்டு. யார் வீட்டுப் பணத்தை யார் கொடுத்தார்கள்? அவள் உழைப்பின் வட்டியை அவளிடம் சேர்த்தோம் என்று சொல்லப் பழகுவோம். கொடுத்தவன் என்று மார்தட்டுகிறவன், நாளைக்குப் பறிக்கவும் தனக்கு உரிமை உண்டென்று எண்ணத் தொடங்கி விடுவான்.

இரண்டாவது, கடினமானது. எதிரியின் உரிமைக்காகவும் எழுந்து நில்லுங்கள். நம் கூட்டத்துக்குத் தடை வந்தால் சனநாயகம் செத்தது என்கிறோம். மாற்றாரின் கூட்டத்துக்குத் தடை வந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் மகிழ்கிறோம். மன்னனை வெறுத்த பெயின் மன்னனின் உயிருக்கு வாதாடினார். தோற்றார், சிறை போனார். ஆனால் அவர் தோற்ற அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, அவரைத் தோற்கடித்தவர்களின் தலைகளே வரிசையாக விழுந்தன. அடுத்தவன் கதவிலே இடுகின்ற சுண்ணக்கட்டிக் குறி, நம் கதவுக்கு வர நெடுநாள் ஆகாது.

அவருக்குக் கல்லறை கட்ட எலும்பு கிடைக்கவில்லை. போகட்டும். மாற்றுக் கட்சித் தோழனொருவன் பேசப் போன இடத்திலே அவன் வாயைப் பொத்த வருகிற கையை நம்மவர் ஒருவர் பிடித்து நிறுத்துவாரானால், தாமஸ் பெயினுக்கு அதைவிட நல்ல நினைவுச் சின்னம் வேறு வேண்டியதில்லை.